ஐஃபெல் மலைநாட்டின் ஓடைகளும் கனிமநீர்ச் சுனைகளும்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் கொலோன், பான், கோப்லென்ஸ், ட்ரியர் ஆகிய நகரங்களுக்குப் படிப்பதற்கோ வேலைக்கோ புதிதாக வந்து சேர்ந்தவர்கள், விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்று கேட்கும்போது நான் கோட்டைகளையும் தேவாலயங்களையும் சொல்வதில்லை. இந்நகரங்களுக்கு மேற்கிலும் வடக்கிலுமாகப் பெல்ஜிய எல்லை வரை விரிந்து கிடக்கும் ஐஃபெல் மலைநாட்டில், புல்வெளி ஓரங்களிலும் காட்டுப் பள்ளங்களிலும் சோடாத் தண்ணீர் தானாகவே பொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறேன். பலர் சிரிக்கிறார்கள். நம்பிப் போகிறவர்களில் சிலர் கண்ட நீரையெல்லாம் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். வேறு சிலர் ஓரிடத்தில் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்ததும் எல்லா ஊற்றுகளையும் சந்தேகித்து, எதையும் சுவைக்காமல் வந்துவிடுகிறார்கள். நீரையும் அதைச் சுற்றியுள்ள அடையாளங்களையும் படிக்கத் தெரிந்தால் இரண்டும் நேராது. அந்தப் படிப்பைப் படிப்படியாகச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: பெயர்களைப் படித்தல்

நிலப்படத்தை விரித்தவுடன் ஊர்ப்பெயர்களின் கடைசி அசையைக் கவனியுங்கள். "போர்ன்" என்றோ "ப்ருன்" என்றோ முடிந்தால் அவ்வூருக்குப் பெயர் கொடுத்தது பெரும்பாலும் ஓர் ஊற்றாகத்தான் இருக்கும். வாலன்போர்ன், பிர்ரெஸ்போர்ன் ஆகியவை இவ்வகைப் பெயர்கள். "பாஹ்" என்பது ஓடை. "க்வெல்லே" என்பது ஊற்று. "ப்ருன்னன்" என்பது கிணற்றையும் குறிக்கும், கட்டடம் எழுப்பிக் காத்த ஊற்றையும் குறிக்கும், நீரைப் புட்டியில் அடைத்து விற்கும் ஆலையையும் குறிக்கும். ஊர்ப்பெயருக்கு முன்னால் "பாட்" என்று வந்தால் அது அரசு ஏற்பளித்த மருத்துவ நீராடும் தலம் என்று அறியலாம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான சொல் "டிரேஸ்". கரியமிலவாயு கலந்து புளிப்பேறி வரும் ஊற்றை ஐஃபெல்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜெர்மனியின் பிற பகுதிகளில் இதையே "ஸவர்ப்ருன்னன்", அதாவது புளிப்பூற்று என்பார்கள். தமிழில் சுனை உண்டு, ஊற்று உண்டு, கேணி உண்டு. ஆனால் நுரைத்துப் புளிக்கும் சுனைக்கென்று தனிச்சொல் இல்லை. ஆகவே கீழே டிரேஸ் என்றே எழுதுகிறேன். வழிகாட்டிப் பலகையிலும் இச்சொல்லைத்தான் நீங்கள் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: நீர் ஏன் பொங்குகிறது என்று தெரிந்துகொள்ளுதல்

ஐஃபெல் எரிமலை நிலம். லாஹர் ஏரியின் பள்ளத்தை உண்டாக்கிய பெருவெடிப்பு ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பும், உல்மன் என்ற ஊரின் வட்ட ஏரியை உண்டாக்கிய கடைசி வெடிப்பு ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பும் நிகழ்ந்தன. நெருப்பு அடங்கிவிட்டாலும் ஆழத்திலிருந்து கரியமிலவாயு இன்னும் பாறை விரிசல்கள் வழியே ஏறி வந்துகொண்டிருக்கிறது. கீழிறங்கும் மழைநீரில் அது கரைந்து நீரை மெல்லிய அமிலமாக்குகிறது. அந்த அமிலநீர் தான் கடந்துவரும் பாறைகளிலிருந்து கால்சியம், மெக்னீசியம், சோடியம், இரும்பு ஆகியவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மேலே வர வர அழுத்தம் குறைவதால், கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிகிறது. கோலி சோடாவில் கோலியை உள்ளே அழுத்தியதும் நடப்பது இதுவேதான்.

ஆகவே டிரேஸ் பொங்குவதைக் கண்டு அது கொதிக்கிறது என்று எண்ணிக் கையை இழுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வூற்றுகள் பெரும்பாலும் 10 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சியில் இருக்கும். வெந்நீர் ஊற்று வேண்டுமென்றால் ஐஃபெலின் தெற்கில் ஊஸ்பாஹ் ஓடைக்கரையிலுள்ள பாட் பெர்ட்ரிஷுக்குச் செல்ல வேண்டும். அங்கே 32 பாகை வெப்பத்தில் சோடியம் சல்ஃபேட் மிகுந்த நீர் கிடைக்கிறது. நீராட அது இதமானது. குடிக்கவோ, அவ்வுப்பு பேதிமருந்து என்பதை நினைவில் கொண்டு, அரைக் குவளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: புறப்படுவதற்கு முன்

ரயிலில் கெரோல்ஸ்டைன் ஊரை அடைந்து அங்கிருந்து தொடங்குவது புதியவர்களுக்கு எளிது. வட்டார ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் ஜெர்மனி மாதச்சீட்டு செல்லும். விரைவு ரயில்களுக்குச் செல்லாது. 2021 வெள்ளத்தில் இவ்வட்டாரத் தண்டவாளங்கள் பெரிதும் சேதமடைந்தன, அதன் பின்னரும் பணிகள் நடந்துவந்திருக்கின்றன. எனவே கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையில் பயணச் செயலியைத் திறந்து "ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்", அதாவது ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து, என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிராமப் பேருந்துதான் உண்மையான சிக்கல். ஞாயிற்றுக்கிழமையில் சில தடங்களில் வண்டியே இராது. சில தடங்களில் "ரூஃப்பஸ்" எனப்படும் அழைப்புப் பேருந்து மட்டும் ஓடும், அதை முன்கூட்டியே தொலைபேசியிலோ செயலியிலோ பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தத்தில் நின்று கையைக் காட்டினால் அது வராது. போகும் வண்டியைவிடத் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்குகளில் கைபேசி இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் நிலப்படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இயன்றால் ஐஃபெல் சங்கத்தின் 1:25,000 அளவுத் தாள்படம் ஒன்றையும் வாங்குங்கள். 1888-இல் பாட் பெர்ட்ரிஷில் தொடங்கப்பட்ட அச்சங்கம்தான் இம்மலைநாட்டின் நடைபாதைகளை அடையாளமிட்டுப் பேணி வருகிறது. நீள்கால்சட்டையும் உயர்ந்த காலுறையும் அணிந்து செல்லுங்கள். ஓடைக்கரைப் புல்லில் உண்ணி இருக்கும், அதன் கடியால் பொரெலியா நோய் வரக்கூடும். மாலையில் வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பார்த்துவிடுங்கள். பையில் வெள்ளை நிறக் குவளை ஒன்றும் நிறமற்ற கண்ணாடிப் புட்டி ஒன்றும் இருக்கட்டும். அவை ஏன் என்பது அடுத்த படியில் விளங்கும்.

நான்காம் படி: சுனையருகே

சுனையை அடைந்ததும் குனிய வேண்டாம். முதலில் சுற்றிப் பாருங்கள். "கைன் ட்ரிங்க்வாஸ்ஸர்" என்ற பலகை இருந்தால் அது குடிநீர் அன்று என்று பொருள். நீரில் நஞ்சு கலந்திருக்கிறது என்பது இதன் பொருளன்று. குடிநீர் விதிகளின்படி முறையாகச் சோதிக்கப்படாத நீர் என்பதையே பெரும்பாலும் அது சொல்கிறது. ஆயினும் ஊர்க்காரர் ஒருவர் அதே இடத்தில் புட்டி நிறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நீங்களும் குடிக்கத் துணிய வேண்டாம்; அவருடைய வயிறு அந்நீருக்கு நாற்பதாண்டுப் பழக்கமுள்ளது. பலகை இல்லாத இடத்தில், ஊற்று கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டப்பட்டு, குழாய் வழியே நீர் விழுந்து, கலவை விவரம் எழுதிய அட்டவணையும் வைக்கப்பட்டிருந்தால் அதைப் பேணுவோர் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். கட்டுமானமே இல்லாமல் சேற்றுக் குழியில் குமிழியிடும் டிரேஸ் பார்ப்பதற்கு மட்டும். மாடுகளும் காட்டுப்பன்றிகளும் அங்கேதான் நீர் அருந்துகின்றன.

அடுத்து நிறத்தைப் பாருங்கள். டிரேஸிலிருந்து நீர் வழிந்தோடும் வாய்க்கால் பெரும்பாலும் செங்காவி நிறத்தில் இருக்கும். கல், இலை, வேர் எல்லாவற்றின்மீதும் காவிச் சேறு படிந்திருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் தொழிற்சாலைக் கழிவு என்று முகம் சுளிப்பார்கள். அது நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் துருவாக மாறிப் படிவது. ஊற்றுக்கண்ணில் நீர் தெளிவாகவும், இரண்டு முழம் தள்ளி மங்கலாகவும், பத்தடி தள்ளிச் செந்நிறமாகவும் இருப்பதை நின்று பார்த்தால் அந்த வேதிமாற்றம் கண்ணெதிரே நடப்பது தெரியும்.

எனக்கு இது தெரியாத காலத்தில், ஒரு டிரேஸில் இரண்டு புட்டி நிறைய நீர் பிடித்து, நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆசையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிடிக்கும்போது பளிங்கு போலிருந்தது. மறுநாள் காலையில் புட்டியின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் காவிப் பொடி; மேலே நின்ற நீர் நீர்த்த தேநீர் நிறம். நண்பர்கள் குடிக்க மறுத்தார்கள், குற்றம் சொல்வதற்கில்லை. டிரேஸ் நீரை அங்கேயே, அப்போதே, குவளையில் பிடித்துச் சுவைக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து வந்தால் நிறம் மாறுவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பிறகு மணம். சில ஊற்றுகளில் அழுகிய முட்டை வாடை வரும். அது கந்தகச் சேர்மத்தின் வாடை, நீர் கெட்டுவிட்டதன் அறிகுறி அன்று. இவ்வளவும் பார்த்தபின் ஒரு வாய் மட்டும் சுவையுங்கள். முதலில் நாக்கு நுனியில் எலுமிச்சைச் சோடா போன்ற ஒரு குத்தல். பிறகு, ஆணியை வாயில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் தச்சருக்குத் தெரிந்திருக்கும் இரும்புச் சுவை. விழுங்கியபின் லேசான உவர்ப்பு. இதற்குமேல் அன்றைக்கு ஒரு குவளை போதும். கைக்குழந்தைகளுக்கு ஊற்றுநீரைக் கொடுக்கவே கூடாது. சிறுநீரக நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் சோடியத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பழக்கமாகக் குடிக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கண்ணுக்குத் தெரியாத வாயு

இந்தப் பகுதியை யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம். கரியமிலவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. அதற்கு நிறமில்லை, எச்சரிக்கும் மணமுமில்லை. காற்றோட்டமில்லாத நாளில் அது ஊற்றைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தண்ணீரைப் போலத் தேங்கி நிற்கும். நீரே இல்லாமல் வாயு மட்டும் வெளிவரும் பிளவுகளும் இங்கே உண்டு. அவற்றை "மோஃபெட்டே" என்பார்கள். லாஹர் ஏரியின் கிழக்குக் கரையோரத்தில் நீருக்கடியிலிருந்து சரம் சரமாகக் குமிழிகள் எழுவதைப் பாதுகாப்பாகக் கரையில் நின்றே பார்க்கலாம்.

குழியின் விளிம்பில் இறந்த வண்டுகளோ எலியோ சிறு பறவையோ கிடந்தால் உடனே விலகி மேட்டுக்கு வாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும் பெரியவருக்கு ஒன்றும் நேராத இடத்தில், குனிந்து பார்க்கும் குழந்தைக்கும் தரையை மோந்து செல்லும் நாய்க்கும் மூச்சுத் திணறலாம். பள்ளத்தில் உட்காருவதும் படுப்பதும், குமிழியருகே முகத்தை வைத்துப் படமெடுப்பதும் கூடாது. யாரேனும் மயங்கி விழுந்தால் பின்னாலேயே பாய்ந்து இறங்காதீர்கள். 112-ஐ அழைத்து, பள்ளத்தில் வாயு தேங்கியிருக்கலாம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஓடைகளோடு பழகுதல்

கனிமநீர்ச் சுனை வேறு, ஓடை வேறு. தெளிந்து ஓடும் காட்டோடையின் நீரைக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, கூடாது என்பதே. மேலே எங்கோ மேய்ச்சல் நிலம் இருக்கும். "க்யூல்லே" எனப்படும் சாணக் கரைசலை வயல்களில் தெளிக்கும் பருவத்தில் அதன் வடிநீர் ஓடைக்குத்தான் வந்து சேரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. கால் நனைக்கலாம், கையால் அள்ளி முகம் கழுவலாம். இயந்திரம் வைத்து இறைக்க உரிமையில்லை. வறண்ட கோடைகளில் மாவட்ட நிர்வாகம் வாளியில் எடுப்பதைக்கூடத் தடை செய்வதுண்டு. உரிமச்சீட்டு இல்லாமல் தூண்டில் போடுவது குற்றம். ஜெர்மன் வனச் சட்டப்படி ஓய்வுக்காகக் காட்டுக்குள் நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் "நட்டூர்ஷுட்ஸ்கபீட்" என்று பலகையுள்ள இயற்கைக் காப்பகத்தில் பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஓடைக்கல்லைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களையும் கூடுகளையும் நசுக்காமல், இருந்த பக்கமே திருப்பி வைத்துவிடுங்கள்.

ஐஃபெலின் வடபகுதியில் சுண்ணாம்புப் பாறை மிகுதி. அங்கே ஓடைகள் இரும்புக்குப் பதிலாகச் சுண்ணாம்பைப் படியவிடுகின்றன. நோன் ஊருக்கு அருகிலுள்ள ட்ரைம்யூலன் அருவியில் பாசியின்மீது சுண்ணாம்பு படிந்து படிந்து, அருவியே ஆண்டுதோறும் முன்னோக்கி வளர்கிறது. கி.பி. 80-ஐ ஒட்டி உரோமானியர்கள் நெட்டர்ஸ்ஹைம் பக்கத்து ஊற்றுகளிலிருந்து கொலோன் நகருக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர் நீளக் கால்வாய் கட்டினார்கள். அதன் சுவர்களில் படிந்து இறுகிய சுண்ணாம்பை இடைக்காலத்தவர் பளிங்குபோல் அறுத்துத் தேவாலயத் தூண்கள் செய்தார்கள். உங்கள் வீட்டு நீர்க்கெட்டிலில் படியும் வெள்ளைப் பொறுக்கும் அதே சரக்குதான்.

ஓடை சிறியதென்று அலட்சியம் வேண்டாம். ப்ளாங்கன்ஹைம் என்ற சிற்றூரில் ஒரு பழைய மரச்சட்ட வீட்டின் நிலவறையில் ஆர் என்னும் ஆறு பிறக்கிறது. வெளியே நின்று எட்டிப் பார்த்தால், குடம் வைத்துப் பிடித்துவிடலாம் போன்ற நீர்தான் தெரியும். ஆனால் 2021 ஜூலை 14 இரவில் அதே ஆற்றின் பள்ளத்தாக்கில் வெள்ளம் 130-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. குறுகிய பள்ளத்தாக்குகளில் மேட்டு நிலத்து மழையெல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. ஆகவே "நீனா" என்ற அரசு எச்சரிக்கைச் செயலியைக் கைபேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். கனமழை அறிவிப்பு உள்ள நாளில் ஓடைக்கரை நடை வேண்டாம். நடந்துகொண்டிருக்கும்போது நீர் திடீரெனக் கலங்கிக் குச்சிகளையும் சருகுகளையும் அடித்துவந்தால், பாலத்தைத் தேடி ஓடாமல், நிற்கும் கரையிலேயே மேலேறுங்கள்.

முதல் பயணத்துக்கு ஒரு திட்டம்

காலையில் கெரோல்ஸ்டைனில் இறங்கி, ஹெலனன்க்வெல்லே ஊற்றில் முதல் வாயைச் சுவைத்துவிட்டு, கில் ஆற்றை ஒட்டியே பிர்ரெஸ்போர்ன் வரை செல்லுங்கள். அங்கே ஆற்றருகே லிண்டன்க்வெல்லே ஊற்றில் ஊர்க்காரர்கள் பெட்டி பெட்டியாகப் புட்டிகள் நிறைப்பதைப் பார்க்கலாம். வரிசையில் நின்று "கூட்டன் டாக்" சொல்லிவிட்டுக் காத்திருந்தால், எந்த ஊற்றின் நீர் எதற்கு நல்லது என்ற கதைகள் இலவசமாகக் கிடைக்கும். மருத்துவப் பகுதியை நம்ப வேண்டியதில்லை. வழி பற்றிச் சொல்வதை நம்பலாம்.

பிற்பகலில் வாலன்போர்ன். ஊரின் நடுவே, வீடுகளுக்கிடையில் இருக்கும் குளிர்நீர் ஊற்று அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் நான்கு மீட்டர் உயரம் வரை பீறிடுகிறது. "ப்ரூபெல்" என்பது அதன் செல்லப்பெயர். முதலில் தொட்டியில் அசைவே இராது. பிறகு ஒரு முனகல், நடுவில் ஒரு கலக்கம், கந்தக வாடை. பொங்கலன்று பானை விளிம்பில் நுரை ஏறும்போது எல்லாரும் கழுத்தை நீட்டுவதைப் போல அங்கே நிற்பவர்களும் நீட்டுவார்கள். நீர் எழுந்து, ஆடி, சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஒருமுறை பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடாமல் இரண்டாம் முறைக்கும் காத்திருங்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். இதைவிடப் பெரியது ரைன் கரையிலுள்ள ஆண்டர்னாக்கில் இருக்கிறது. 350 மீட்டர் ஆழத் துளையிலிருந்து 60 மீட்டர் வரை எழும் அந்நீர், உலகிலேயே மிக உயரமான குளிர்நீர்ப் பீறல். அங்கே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் படகில்தான் செல்ல வேண்டும், குளிர்காலத்தில் மூடியிருக்கும். எனவே அதைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: கடையில் புட்டியைப் படித்தல்

ஜெர்மனியில் இயற்கைக் கனிமநீர் என்ற பெயரில் விற்க அரசு ஏற்பு வேண்டும். ஊற்றிடத்திலேயே அடைக்கவும் வேண்டும். "ஹைல்வாஸ்ஸர்" என்னும் மருத்துவநீர் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. கெரோல்ஸ்டைனர் புட்டியை எடுத்துப் பார்த்தால் லிட்டருக்குக் கால்சியம் 348 மில்லிகிராம், மெக்னீசியம் 108 மில்லிகிராம் என்று இருக்கும். நீங்கள் நடந்துவந்த பாறைகள்தான் அந்த எண்கள். குழந்தை உணவு கரைக்க வாங்குகிறவர்கள் அதற்குத் தக்கது என்ற வாசகம் உள்ள நீரை மட்டும் வாங்க வேண்டும். "நாட்ரியும்ஆர்ம்" என்றால் சோடியம் குறைந்தது. பல புட்டிகளில் சிறிய எழுத்தில் "எண்ட்ஐஸன்ட்" என்று ஒரு சொல் இருக்கும். இரும்பு நீக்கப்பட்டது என்று பொருள். என் இரண்டு புட்டிகள் ஏன் காவியாயின, கடையிலுள்ளவை ஏன் ஆவதில்லை என்பதற்கு விடை அந்தச் சொல்லில் இருந்தது.

நீரை 0.7 லிட்டர் கண்ணாடிப் புட்டியில் வாங்கினால், அதன் மேற்பகுதியில் முத்து முத்தான புடைப்புகள் தட்டுப்படும். 1969-இல் குந்தர் குபெட்ஸ் வடிவமைத்த இப்புட்டியில் அவை 230 உண்டு. குமிழிகளைக் குறிப்பதற்காக வைக்கப்பட்டவை, கை வழுக்காமலும் காக்கின்றன. அதற்கு 15 சென்ட் முன்பணம் பிடித்திருப்பார்கள். குடித்து முடித்ததும் குப்பையில் போடாமல் கடையிலுள்ள இயந்திரத்தில் செலுத்தி, வரும் சீட்டைக் கல்லாவில் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.